ஷெட்டில் கிடந்த பாலம்

நாற்பதடி நீளத்துக்கு ஒரு இரும்புப் பாலம். கைப்பிடி உண்டு, புள்ளித் தகடு போட்ட தளம் உண்டு, சிவப்பு பிரைமர் அடித்துப் பளிச்சென்று இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அடியில் வாய்க்கால் இல்லை. துவாக்குடியில் ராசப்பனின் ஃபேப்ரிகேஷன் ஷெட்டுக்குள், மரக்கட்டைகளின் மேல், அது வருஷக்கணக்காகப் படுத்துக் கிடந்தது. வேலையாட்கள் அதன்மேல் உட்கார்ந்து மத்தியானச் சோறு தின்றார்கள். கைப்பிடியில் கம்பெனிப் பெயர் போட்ட சட்டையைக் காயப்போட்டார்கள். பாலம் தேவைப்பட்டவர்களோ ஊருக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, இரண்டு பனந்துண்டுகளின் மேல் கால் கூசக் கூச வாய்க்காலைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்படி ஒரு கூத்தைத் தலையில் கட்டிக்கொண்ட ராசப்பன் ஒன்றும் விவரம் கெட்ட ஆள் இல்லை. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவரின் மகன். ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்து, கைலாசபுரத்துப் பெரிய ஆலைக்குள் கான்ட்ராக்ட் வெல்டராக நுழைந்தவர். அவர் வைத்த வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் பழுது ஒரு பொட்டுக்கூடத் தெரியாது என்று பேர். பிறகு வாடகை ஷெட், பிறகு சொந்த ஷெட். மொட்டை மாடியில் நின்றால் கோபுரம் தெரிய வேண்டும் என்று மனைவி செங்கமலம் கேட்டதற்காக ஸ்ரீரங்கத்தில் வீடு.

அந்தத் தொழிலில் ஒரு நடைமுறை உண்டு. ஆர்டர் காகிதம் மெதுவாகத்தான் வரும். ஆலையிலிருந்து இன்ஜினியர் போன் போட்டு, "ராசப்பன், வேலை உங்களுக்குத்தான், பண்ணிடலாம்" என்பார். அன்று சாயங்காலமே இங்கே இரும்பு வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள். சில சமயம் சரக்கு லாரியில் ஏறிப் போன பிறகுதான் காகிதம் வந்து சேரும். யாரும் யாரையும் ஏமாற்றியதில்லை. காகிதத்துக்காகக் காத்திருக்கிறவனுக்கு அடுத்த வேலை கிடைக்காது, அவ்வளவுதான். வாய்ச்சொல்லை நம்பி இரும்பு வெட்டியே மேலே வந்த மனிதர் அவர்.

அரசியலுக்கு அவரை இழுத்தது கொள்கை இல்லை, சாக்கடை. வீட்டு வாசலில் சாக்கடை மூடி உடைந்து, போகிற வருகிற ஸ்கூல் வேனெல்லாம் சக்கரத்தை விட்டுக்கொண்டு நின்றது. மாநகராட்சி ஆபீசில் மனு கொடுத்தார். திரும்பப் போனார். பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஷெட்டில் நாற்பது பேருக்கு வேலை சொல்கிறவருக்கு அந்த பெஞ்சு தாங்கவில்லை.

"இவனுங்ககிட்ட நின்னு கேக்கறதுக்கு நாமளே உள்ள போயிடலாம்" என்றார் செங்கமலத்திடம்.

"போங்க. போயி அந்த பெஞ்சுல நல்லதா ரெண்டு குஷனாவது போடுங்க" என்றாள் அவள்.

வார்டு கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். கத்தரிக்கோல் சின்னம். ஜெயித்தார். ஜெயித்த சுயேச்சையின் தோளில் கட்சித் துண்டு விழ அதிக நேரம் ஆகாது. விழுந்தது. உடைந்த மூடிகளையெல்லாம் தன் ஆட்களைக் கொண்டே இரும்பில் செய்து ஒரே வாரத்தில் போட்டு முடித்தார். ஜனங்கள் கைதட்டினார்கள். இவ்வளவுதானா அரசியல் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்புதான் அவரைக் குழியில் தள்ளியது.

அவருடைய வார்டின் கடைசி, வாய்க்காலுக்கு அக்கரையில் இருக்கும் கொடிக்கால் தெரு. வாழைத் தோப்பில் இலை அறுக்கிறவர்கள், பூப் பறிக்கிறவர்கள் குடியிருக்கும் இடம். தோப்புக்குள் ஒற்றையடி வரப்பில் சுற்றிக்கொண்டு வந்தால் மெயின் ரோட்டுக்கு நல்ல தூரம், வண்டி வராது. குறுக்கே வந்தால் பனந்துண்டு. அந்தத் தெருவுக்கு நாட்டாமை என்று யாரும் கிடையாது, காளியாயி என்கிற பூக்காரிதான் கிடையாத நாட்டாமைக்கும் சேர்த்துப் பேசுகிறவள். அவள் புருஷன் இறந்த சமயம் வாய்க்காலில் தண்ணீர் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

சுடுகாடு இக்கரையில், கொள்ளிடக் கரையில். பனந்துண்டின் மேல் ஒருத்தர் நடக்கலாம். நாலு பேர் பாடையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. அதனால் தண்ணீரில் இறங்கினார்கள். நெஞ்சளவு தண்ணீர். பாடையைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தும் நடுவில் ஒருத்தனுக்குக் கால் வழுக்கி ஒரு பக்கம் முங்கியது. மாலையெல்லாம் ஆற்றோடு போகிற குப்பை மாதிரி போயிற்று. பனந்துண்டில் தாண்டி வந்து இக்கரையில் நின்ற காளியாயி மார்பில் அடித்துக்கொண்டாள்.

"ஆயுசு பூரா இந்தத் தண்ணியிலதானே நனைஞ்ச! இன்னைக்குமா? இன்னைக்குமாய்யா உன்னை நனைக்கிறாங்க!"

மாலையும் கையுமாக இக்கரையில் நின்றிருந்த கவுன்சிலர் ராசப்பனுக்கு உடம்பு கூசியது. பாடை கரையேறியதும் அவளிடம் போய்ச் சொன்னார்.

"அக்கா, அடுத்த சாவுக்குள்ள இங்க பாலம் வரும். இது என் வார்த்தை."

சாவு வீட்டில் யாராவது இப்படி வாக்குக் கொடுப்பார்களா? டெலிவரி தேதி சொல்லியே பழகிய வாய், சொல்லிவிட்டது. காளியாயி அழுகையை நிறுத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அடுத்த சாவுக்குள்ளயா? அதுவரைக்கும் நாங்க உசுரக் கையில புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கணுமா கவுன்சிலரே? சரி." தெரு ஜனத்தின் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்குங்கப்பா, யாரும் செத்துத் தொலைச்சிடாதீங்க. கவுன்சிலரு பாலம் கொண்டாராரு!"

ஈரத்துணியோடு நின்றவர்கள் அந்த நேரத்திலும் சிரித்தார்கள்.

மறுநாளே, வாய்க்காலைப் பராமரிக்கும் இலாகாவின் இன்ஜினியர் ரங்கநாதனைப் போய்ப் பார்த்தார். ரங்கநாதனும் ஸ்ரீரங்கத்துக்காரர். நல்ல மனிதர், கை சுத்தம். ராசப்பன் பென்சிலால் போட்ட படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேஷா இருக்கே. பண்ணிடலாம் ராசப்பன் சார். நீங்க ஏன் கவலைப்படறேள்?"

பண்ணிடலாம். ராசப்பன் காதில் விழுந்தது கைலாசபுரத்து இன்ஜினியரின் குரல். நேராக ஷெட்டுக்குப் போனார். ஃபோர்மன் அற்புதசாமியிடம் படத்தை நீட்டினார். அற்புதசாமி அவரோடு ஒரே பேட்ச்சில் வெல்டிங் படித்தவர்.

"பேப்பர் வந்துருச்சாண்ணே?"

"வாயில சொல்லிட்டாரு."

"அப்ப வெட்டிடுவோம்."

இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தத் தப்பைச் செய்தார்கள். இருவரில் ஒருத்தருக்காவது சந்தேகம் வந்திருக்கலாம். வரவில்லை. மற்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு இரவு ஷிஃப்ட் போட்டு முடித்தார்கள். மணல் மூட்டைகளை அடுக்கிப் பாரம் ஏற்றிப் பார்த்தார்கள். நூல் அளவு தொய்வுகூட இல்லை. கம்பெனிப் பெயர்த் தகட்டை ஒரு முனையில் பற்றவைத்து, ஜாப் நம்பரைப் பஞ்ச் அடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு ரங்கநாதனிடம் ஓடினார்.

ரங்கநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்ன இது?"

"பாலம் சார். ரெடி. கிரேன் சொன்னா நாளைக்கே தூக்கி வச்சிடலாம்."

"யார் பண்ணச் சொன்னா?"

"நீங்கதானே சார். பண்ணிடலாம்னீங்க."

"வர்றவா எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றது. முடியாதுன்னா மனசு கஷ்டப்படுவேளே." அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "நீங்க கவுன்சிலர். உங்க கம்பெனி பாலத்தை கவர்மென்ட் எடுத்துண்டா உங்க பதவிக்கே வில்லங்கம்."

"நான் விக்கலையே சார். சும்மா குடுக்கறேன்."

"சும்மா குடுத்தா வாங்கிக்கறதுக்கு எங்ககிட்ட வழி இல்லை. பொதுமக்கள் பங்களிப்புன்னா பணமா குடுக்கலாம், பாலமா குடுக்க முடியாது. டிசைன் யார் போட்டா? யார் சரிபார்த்தா? நாளைக்கு ஒரு குழந்தை விழுந்தா என்னைன்னா கூப்பிட்டுக் கேப்பா?"

"லோடு டெஸ்ட் பண்ணிருக்கேன் சார். யானையே நடக்கலாம்."

"உங்க வேலைல எனக்குச் சந்தேகமே இல்லை. அதான் கஷ்டம். இருக்கற பாலத்துக்கு ஃபைல் இல்லை. ஃபைல் இருக்கற பாலம் ஒண்ணுகூட இன்னும் வரலை."

கவுன்சிலர் பதவி முடிகிற வரைக்கும் அந்த ஃபைலைத் திறக்க வைக்க அலைந்தார். வாய்க்கால் ஒரு இலாகா, கரை ஒரு இலாகா, கரையில் இறங்குகிற பாதை மாநகராட்சி. ஒருத்தர் சரியென்றால் இன்னொருத்தர் தடையில்லாச் சான்று கேட்டார். சான்று வாங்கி வருவதற்குள் முதலில் சரியென்றவர் மாற்றலாகிப் போயிருந்தார். வேலை தெரிந்த ஒருவனைச் சாகடிக்க விஷம் வேண்டாம். ஒவ்வொரு மேஜையாக உட்கார வைத்தால் போதும்.

கொடிக்கால் தெருவில் சாவு மட்டும் எந்தச் சான்றுக்கும் காத்திருக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் காளியாயி தவறாமல் போன் போட்டாள்.

"கவுன்சிலரே, இன்னொண்ணு. ஆனா இடுப்பளவு தண்ணிதான். மெதுவா வாங்க."

போவார். மாலையைப் போட்டுவிட்டு நிற்க முடியாமல் அவரும் ஒரு பக்கம் தோள் கொடுத்துத் தண்ணீரில் இறங்குவார். அதை எதிர்க்கட்சி வட்டச் செயலாளர் பாலு செல்போனில் எடுத்து, வெள்ளை வேட்டி நாடகம் என்று எழுதிப் போட்டான். பாலுவைச் சொல்லிக் குற்றமில்லை. இவர் கட்சிக்காரர்களும் பாலு இடத்தில் இருந்தால் அதையேதான் செய்திருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காளியாயி நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்து ஷெட்டுக்கே வந்துவிட்டாள். பாலம் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தாள். சுற்றி வந்தாள். கைப்பிடியை உலுக்கினாள். மேலே ஏறி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தாள். பிறகு நட்டநடுவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள்.

"நல்லாத்தான் பண்ணிருக்க தம்பி. தொட்டுப் பாத்துட்டேன். இனிமே உன்னைப் பொய் சொல்றவன்னு சொல்ல மாட்டேன்."

"நன்றிக்கா."

"கூறு கெட்டவன்னு சொல்லுவேன். வாய்க்கால் அங்க இருக்கு, பாலத்த இங்க கட்டி வச்சிருக்கியே!"

அற்புதசாமி தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அவருக்கும் வேறு கவலை இருந்தது. ஷெட்டில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு பாலம் கிடந்ததால் பெரிய வேலைகளை எடுக்க முடியவில்லை. ஆலையிலிருந்து வந்த ஆர்டர்களும் குறைந்துகொண்டே வந்தன.

"அண்ணே, வெட்டிப் போட்டா வேற ஜாபுக்கு ஆகும். நீங்க எம்.எல்.ஏ. ஆகறப்ப புதுசா ஒண்ணு பண்ணிக்கலாம்."

"ஒரு தகட்டுல கை வச்சேன்னா பாரு."

எம்.எல்.ஏ. ஆனார். அது திறமைக்குக் கிடைத்த பரிசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உள்ளூர்க் கட்சியில் இரண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டியின் ஆளை இன்னொரு கோஷ்டி ஏற்காது. இரண்டு பேருக்கும் விரோதி இல்லாத ஆள் யார் என்று தேடினால் சாக்கடை மூடிக்காரர் ஒருத்தர்தான் மிஞ்சினார். அலை அடித்தது, அவரும் கரை ஏறினார். தன் பெயரில் இருந்தால் வில்லங்கம் என்று கம்பெனியைச் செங்கமலத்தின் பெயருக்கு மாற்றினார். பிரச்சாரத்தில் கொடிக்கால் தெருவுக்குப் போனபோது காளியாயி ஆரத்தித் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"எம்மெல்லே ஆயிட்டா பாலம் இங்கிட்டு வருமா, இல்ல எங்க தெருவத் தூக்கித் துவாக்குடிக்குக் கொண்டு போயிடுவியா?"

"முதல் வேலை அதாங்க்கா."

முதல் வேலையாகத்தான் செய்தார். சட்டமன்றத்தில் எழுந்து கேட்டார். ஆய்வில் இருக்கிறது என்று பதில் வந்தது. அடுத்த வருஷம் கேட்டார். நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும் என்று வந்தது. கட்சிக் கொறடா கூப்பிட்டு, "ஒரே வாய்க்காலப் பத்தி எத்தனை தடவைங்க பேசுவீங்க, தலைவரைப் பாராட்டி ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார். கவுன்சிலராக இருந்தபோது பெஞ்சில் உட்கார வைத்தவர்கள் இப்போது எழுந்து நின்று வணக்கம் சொல்லி, நாற்காலி போட்டு, டீ கொடுத்து, அதே பதிலைச் சொன்னார்கள். முன்னேற்றம் டீதான்.

கடைசியில் தன் தொகுதி நிதியிலிருந்து கான்கிரீட் பாலத்துக்கே பணம் ஒதுக்கினார். மதிப்பீடு போட்டார்கள். டெண்டர் விட்டார்கள். ஒருத்தரும் எடுக்கவில்லை. அக்கரையில் தூண் எழுப்ப ஜல்லியும் சிமென்ட்டும் ஆட்களும் போக வேண்டும். போக வழி? பாலம் கட்டப் பாலம் வேண்டும். மறுபடி டெண்டர். இந்தத் தடவை ஆசீர் என்கிற கான்ட்ராக்டர் எடுத்தார். பூமி பூஜை நடந்தது. கல்லில் ராசப்பன் பெயர் நாலாவது வரியில் இருந்தது. பூஜை முடிந்ததும் ஆசீர் அவரைத் தனியாகத் தோப்புப் பக்கம் கூட்டிப் போனார்.

"சார், உங்க ஷெட்டுல ஒரு பாலம் கிடக்குதாமே?"

ராசப்பன் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"என் ஆளுங்க தலைச்சுமையா தாண்டறதுக்குத் தற்காலிகமா ஒண்ணு போட்டுக்கலாம்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. அதுக்கு டிசைனும் வேணாம், அனுமதியும் வேணாம். என் பொருள், என் பொறுப்பு. வேலை முடியற வரைக்கும் நிக்கலாம்."

"பழைய இரும்பா எடுத்துக்குங்க."

"ஆமா. ஆனா உங்க பேரு எங்கயும் இருக்கக் கூடாது சார். தெரிஞ்சா எம்.எல்.ஏ. கம்பெனிக்கும் கவர்மென்ட் வேலைக்கும் தொடர்புன்னு கேஸ் போட்டுடுவாங்க. எனக்கும் வேலை போயிடும், உங்களுக்கும் சீட்டு போயிடும். முதல்ல பாலத்தத்தான் கழட்டுவாங்க."

இத்தனை வருஷம் பாலமாக ஏற்க மறுத்த இரும்பு, தற்காலிகம் என்ற ஒரு சொல்லில் எந்தக் கையெழுத்தும் இல்லாமல் உள்ளே நுழைந்துவிட்டது. சட்டம் படித்தவர்கள் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருப்பார்கள்.  ராசப்பன் அன்றே அற்புதசாமியைக் கூப்பிட்டார்.

அற்புதசாமி கிரைண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு பெயர்த் தகட்டின் முன்னால் வந்து நின்றார்.

"பெத்த பிள்ளைக்கு இனிஷியல அழிக்கச் சொல்றீங்களேண்ணே."

"அழிடா."

தகடு போயிற்று. ஜாப் நம்பர் போயிற்று. சிவப்பு பிரைமரின் மேல் மஞ்சள் அடித்தார்கள். ட்ரெய்லர் காவிரிப் பாலம் ஏறியபோது ராசப்பன் அம்மா மண்டபம் பக்கத்தில் ஒரு டீக்கடையில் நின்று, சம்பந்தமில்லாதவர் மாதிரி பார்த்தார். கிரேன் தூக்கி வைத்தபோதும் அவர் அங்கே இல்லை. இரண்டு முனையிலும் ஆசீர் பலகை மாட்டினார்: பணியாளர்கள் மட்டும், பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. பலகையை மாட்டிவிட்டு ஆசீரின் ஆள் திரும்புவதற்குள் காளியாயி பூக்கூடையோடு இக்கரைக்கு வந்துவிட்டாள்.

அந்த மாசமே தெருவில் சின்னையன் என்கிற பெரியவர் தவறிப் போனார். ராசப்பன் மாலையோடு போனார். வாய்க்காலில் தண்ணீர் தளும்பியது. நாலு பேர் தூக்கிய பாடை, பின்னால் பறையும் கூட்டமும், எல்லாம் ஒன்றாகப் பாலத்தில் ஏறின. அவர் கண் பாடையில் இல்லை. தளம் தொய்கிறதா என்று பார்த்தார், இணைப்புகள் சத்தம் போடுகின்றனவா என்று காது கொடுத்தார். ஒன்றுமே கேட்கவில்லை. பெரியவர் நனையாமல் கரை ஏறினார். அந்த ஒரு நாள் ராசப்பன் வீட்டுக்குப் போய் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

பிறகு நடந்தது வழக்கமான கதை. கான்கிரீட் தூண் இரண்டு எழுந்தன. வாய்க்காலில் வேலை செய்யத் தோதான மாதங்கள் முடிந்து முழுத் தண்ணீர் வந்தது. ஆசீரின் பில் எங்கேயோ நின்றது. அவர் வேறு ஊருக்கு ரோடு போடப் போய்விட்டார். மொட்டைத் தூண்களுக்குப் பக்கத்தில் தற்காலிகப் பாலம் நிரந்தரமாக நின்றது.

பாலு விடுவானா? அதிகாரிகளும் ராசப்பனும் தூண்களைப் பார்வையிட வந்த அன்று அவனும் நாலு பேரோடு வந்து பாலத்தின் நடுவில் நின்றுகொண்டான். ரங்கநாதன் ஓய்வு பெற்றுப் போய், புதிதாக ஒரு இளம் இன்ஜினியர் வந்திருந்தார். தெரு ஜனம் முழுக்க அக்கரையில் கூடி நின்றது. பாலு செல்போனை ராசப்பன் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"எம்.எல்.ஏ. சார், இந்தப் பாலம் உங்க சம்சாரம் கம்பெனியில செஞ்சதா இல்லையா? ஒரே வார்த்தை. ஆமாவா, இல்லையா?"

இன்ஜினியர் குரலைத் தாழ்த்தினார். "சார், உங்க கம்பெனிதுன்னா இன்னைக்கே கழட்டச் சொல்லி எழுதணும். கான்ட்ராக்டரோட தற்காலிக ஏற்பாடுன்னா வேலை முடியற வரைக்கும் இருக்கட்டும்."

சாக்கடை மூடிக்குப் பிறகு ராசப்பன் அரசியலில் உருப்படியாகச் செய்தது இந்தப் பாலம் ஒன்றுதான். மற்றவர்கள் பஸ் ஸ்டாப்புக்கும் குடிதண்ணீர்த் தொட்டிக்கும் தொட்டியைவிடப் பெரிதாகப் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். ஆமாம், இது நான் வெட்டிய இரும்பு, நான் வைத்த வெல்டிங் என்று சொல்ல நாக்கு துடித்தது. காலுக்குக் கீழே தண்ணீர் சுழித்து ஓடியது.

"இல்ல" என்றார். "எனக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. கான்ட்ராக்டர் போட்டது."

"சத்தமாச் சொல்லுங்க சார், மைக்ல விழல."

ராசப்பன் வாயைத் திறப்பதற்குள் அக்கரையிலிருந்து காளியாயி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பாலத்தைத் துவாக்குடியில் தொட்டுப் பார்த்தவள். அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டவள். எல்லாம் தெரிந்தவள்.

"யாரு, இந்த ஆளா?" என்றாள் பாலுவின் செல்போனைப் பார்த்து. "இந்த ஆளு எங்களுக்குப் பாலம் போட்டாரா? ஒரு செங்கல்லு எடுத்து வச்சாரா கேளு! கவுன்சிலரா இருந்தப்பவும் இல்ல, எம்மெல்லேவா இருக்கறப்பவும் இல்ல. எழவுக்கு வருவாரு, மாலையப் போடுவாரு, போயிடுவாரு. இது அந்தக் கான்ட்ராக்டர் மவராசன் போட்டது. அவரு நல்லா இருக்கணும். இந்தாளுக்குப் போயி பாலத்தோட பேரக் குடுக்கறியே, உனக்கு நல்ல புத்தி இருக்கா?"

தெருவே அவளோடு சேர்ந்துகொண்டது. ஆளாளுக்குத் திட்டினார்கள். கூச்சல் கொஞ்சம் அளவு மீறியே போயிற்று, பல வருஷம் தண்ணீரில் இறங்கிய கோபமும் அதில் கலந்துகொண்டது. இன்ஜினியர் ஏதோ எழுதிக்கொண்டு, "தற்காலிக ஏற்பாடு, இருக்கட்டும்" என்று ஜீப்பில் ஏறினார். பாலு கேட்டது கிடைக்கவில்லை, ஆனால் அதைவிட நல்லது கிடைத்துவிட்டது. ராத்திரிக்குள் காளியாயி திருச்சி முழுக்க எல்லார் செல்போனிலும் பேசினாள். ஒரு செங்கல்லு எடுத்து வச்சாரா கேளு.

அடுத்த தேர்தல் வந்தது. சீட்டுக் கேட்டு மனு போட்டவர்களை நேர்காணலுக்குச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். நீளமான மேஜைக்குப் பின்னால் தலைமைக் கழகத்துப் பெரியவர்கள் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஒன்றும் பேசாமல் செல்போனை ராசப்பன் பக்கம் திருப்பினார். காளியாயி கத்தி முடிக்கிற வரைக்கும் ஓடவிட்டார்.

"உங்க தொகுதிதானே?"

"ஆமாங்க."

"ஒரு பொம்பள நடுப் பாலத்துல நின்னு இப்படிக் கேக்குது. அஞ்சு வருஷம் என்ன செஞ்சீங்க?"

சொல்லலாம். மூன்றே பேர்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்த அறையில் பேசுவது, டீ வருவதற்குள் வெளியே வராந்தாவில் பேசப்படும் என்பது அவருக்குத் தெரியும். வராந்தாவில் பேசினால் மத்தியானத்துக்குள் திருச்சியில் பாலுவுக்குத் தெரியும். தேர்தல் நேரம். கழற்றிப் போட்டுவிடுவார்கள். தூண் இன்னும் மொட்டையாக நிற்கிறது.

"அந்தம்மா சொல்றது..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"சொல்லுங்க."

"சரிதாங்க. அந்தத் தெருவுக்கு நான் ஒண்ணும் செய்யல."

மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு பதிலை அந்த மேஜை கேட்டதில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் பெயருக்கு நேரே கோடு போட்டார்.

ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தார். விழுப்புரம் தாண்டியபோது காளியாயி போன் செய்தாள்.

"சீட்டு குடுத்தாங்களா தம்பி?"

"இல்லக்கா."



"நான் கொஞ்சம் ஓவராப் பேசிட்டேனோ?"

"கொஞ்சமாவா?"

"என்ன பண்ணச் சொல்ற? அரையுங்கொறையுமா திட்டுனா அவனுவ நம்புவானுவளா?" பிறகு, குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள். "ஆனா எல்லாமே நடிப்புன்னு நினைச்சிக்காத. பாதி உள்ளேருந்துதான் வந்துச்சு. எத்தன பேரத் தண்ணியில இறக்குனோம்."

"தெரியும்க்கா."

"சரி, வச்சிடாத. பாலத்துல நடுத் தகடு ஒண்ணு கால் வச்சா டக்கு டக்குங்குது. புள்ளைங்க ஸ்கூலுக்குப் போவுதுங்க. ஆளு அனுப்பு."

"ஆசீர்கிட்ட சொல்லுங்க. பாலம் அவரோடது."

"ரொம்பத்தான் கோவம்" என்று போனை வைத்துவிட்டாள்.

ராசப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவர் செய்த பாலத்தில் தகடு ஆடுகிறதாம். ஆடாது. ஆடக் கூடாது. பெயிண்ட் அடித்த அவசரத்தில் எவனோ ஒரு போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டிருக்கிறான். அரியலூர் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். அதற்கு மேல் தாங்கவில்லை. அற்புதசாமிக்குப் போன் போட்டார்.

"நாளைக்குக் காலையில நம்ம பசங்க ரெண்டு பேரை அங்க அனுப்பு. நடுத் தகட்டுல போல்ட்டு லூஸாம். எல்லாத்தையும் ஒரு தடவை முறுக்கிடச் சொல்லு."

"சரிண்ணே. சீட்டு என்னாச்சு?"

"அத விடு. பசங்ககிட்ட ஒண்ணு சொல்லிடு."

"என்னண்ணே?"

"கம்பெனி சட்டை போட்டுட்டுப் போக வேணாம்."